வழித்துணையும் வாய்ச்சொல்லும்

பிரயாணம் என்பது ஓரிடம் விட்டு மற்றோரிடம் சேர்வது மட்டுமன்று. இன்னார் மகன், இன்ன வகுப்பு மாணவன், இன்ன உத்தியோகஸ்தன் என்று ஊரும் உறவும் நமக்குத் தந்த அடையாளங்களைச் சிறிது நேரம் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மனிதனாகப் பிறர் அருகில் அமர்ந்திருக்கும் அரிய சமயமும் அதுவே. அச்சமயத்தை இக்காலத்தில் நாம் எவ்வாறு கழிக்கின்றோம், எவ்வாறு கழித்தல் தகும் என்பதைக் குறித்துச் சில கூறவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நம் கலாசாலை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பழக்கமான வழி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் பஸ் ஏறிப் படப்பை வழியாக ஒரகடம் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பி ஸ்ரீபெரும்புதூரை அடைவது அவ்வழி. ஒரு தலைமுறைக்கு முன் அங்கே ஏரிகளும் நெல்வயல்களுமே கண்ணுக்குத் தெரிந்தன. 1996-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால்கொண்டது; 1998-இல் அதன் முதற் கார் வெளிவந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசித் தொழிற்சாலை வேலையைத் தொடங்கிற்று; 2014-இல் அது மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் எழுந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதி ஒன்று 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறக்கப்பட்டது. ஒரு சிற்றூரின் ஜனத்தொகை ஒரே விடுதியில் உறங்கி எழக்கூடும் என்றால், அப்பிரதேசத்தில் வந்து குழுமியிருக்கும் அயலூரார் எத்துணைப் பேர் என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

விடியற்காலத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பார்ப்பவர்க்கு இது நன்கு விளங்கும். இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிய கம்பெனி பஸ்கள் ஒரு திக்கிலும், காலை ஷிப்டுக்குச் செல்வோரை ஏற்றியவை மற்றொரு திக்கிலும் வரிசையாகச் செல்கின்றன. அவற்றினுள்ளே திருவண்ணாமலை, விழுப்புரம் ஜில்லாக்களினின்றும், இன்னும் தெற்கேயுள்ள ஜில்லாக்களினின்றும் வந்த இளம் பெண்கள் இருக்கின்றனர். ஒடிசா, பீஹார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களினின்றும் பிழைப்புத் தேடி வந்த வாலிபர் இருக்கின்றனர். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, காதில் இயர்போன், கண் கைபேசியில். பலப்பல ஊர்களும் பாஷைகளும் தோளோடு தோள் உராய ஒரே வண்டியில் அமர்ந்திருந்தும், வண்டியினுள் இயந்திரத்தின் இரைச்சலன்றி வேறு ஒலியில்லை. யாமும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் அம்மௌனிகளில் ஒருவராகவே இருந்து வந்தோம். அது நாகரிகம் என்றும், பிறரைத் தொந்தரவு செய்யாமை என்றும் எமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

அம்மௌனத்தை எம்மிடமிருந்து பறித்தவர் ஒரு முதியவர். சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், அப்பிரதேசத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு ஆள் தெரிந்தெடுக்கின்றனர் எனக் கேள்வியுற்று யாமும் சென்றிருந்தோம். காலை எட்டு மணி முதல் வெயிலில் வரிசையில் நின்றும், எமது முறை வந்தபோது இரண்டு வினாக்களோடு எம்மை அனுப்பிவிட்டனர். பட்டம் பெற இன்னும் சில மாதங்களே இருந்த நிலையில் அஃது எமக்கு மூன்றாவது நிராகரணம். ஒரகடத்தில் தாம்பரம் செல்லும் பஸ்ஸில் ஏறிச் சன்னலோரம் அமர்ந்தோம். வீட்டார்க்கு என்ன விடை சொல்வது என்ற எண்ணமே நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் வந்து அமர்ந்தவர் காவற்காரர் உடை அணிந்திருந்தார். வயது அறுபதை நெருங்கியிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் வாயிற்படியில் நின்ற களைப்பு முகத்தில் இருந்தது. எமது கையிலிருந்த சான்றிதழ்க் கோப்பைப் பார்த்து, “என்ன தம்பி, இன்டர்வியூவுக்கா?” என்றார். ஆம் என்று தலையசைத்தோம். “கிடைக்கலையா?” என்றார். அந்நேரத்தில் வீட்டார் எவரேனும் அவ்வினாவை வினவியிருப்பின் எமக்குக் கோபமே வந்திருக்கும். முன்பின் அறியாத ஒருவர் கேட்டபோது, விந்தையாக, கோபம் வரவில்லை. உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டோம்.

அவர் எமக்கு ஆறுதல் ஒன்றும் உரைத்தாரல்லர். தம் கதையைச் சொன்னார். செய்யாற்றுப் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தாராம். கிணறு வற்றியபின் நாற்பத்தெட்டாம் வயதில் இங்கே வந்தாராம். தொழிற்சாலையுள் நுழையும் லாரிகளின் எண்ணையும், கண்டெய்னர்ப் பெட்டியின் மேல் உள்ள எழுத்துக்களையும் நோட்டில் எழுதவேண்டியது அவர் வேலை. அவருக்கோ ஆங்கில எழுத்தில் ஒன்றும் தெரியாது. முதல் வாரத்திலேயே வேலை போய்விடும் என்று அஞ்சி, வாயிலில் வந்து நிற்கும் லாரி டிரைவர்களையே ஆசிரியராகக் கொண்டாராம். “அண்ணே, இது என்ன எழுத்துன்னு ஒவ்வொரு வண்டியையும் கேட்பேன். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. பஞ்சாபிக்காரரு சொல்லியிருக்காரு, ஆந்திராக்காரரு சொல்லியிருக்காரு. ஒருத்தரும் சிரிக்கல தம்பி. ஒரு மாசத்துல முடிச்சுட்டேன்” என்றார். பின்னர்ப் பையிலிருந்து தம் நோட்டை எடுத்துக் காட்டினார். கோணலின்றி, பள்ளிப் பிள்ளை எழுதினாற்போல, பெரிய பெரிய எழுத்துக்கள்.

படப்பையில் அவர் இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். “ராத்திரி ஏழு மணியிலிருந்து இதுவரைக்கும் எங்கிட்ட எல்லாரும் கார்டைத்தான் காட்டினாங்க, யாரும் பேசல. நீங்க கேட்டுக்கிட்டு இருந்தது நல்லா இருந்தது, தம்பி.” அவர் எமக்கு ஊக்கம் அளித்தார் என்று யாம் எண்ணியிருக்க, யாம் தமக்கு ஊக்கம் அளித்ததாக அவர் எண்ணிச் சென்றார். வேலை அன்றும் எமக்குக் கிடைக்கவில்லைதான்; ஆயினும் தாம்பரத்தில் இறங்கியவர் ஒரகடத்தில் ஏறியவர் அல்லர்.

இது எமக்கு மட்டும் தற்செயலாய் வாய்த்த அநுபவமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். அவர்கட்கு மேலைத்தேசத்து ஆராய்ச்சி ஒன்றைக் காட்டுகின்றோம். சிக்காகோ சர்வகலாசாலையினரான நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் இருவர், அந்நகரத்தின் ரயில்களிலும் பஸ்களிலும் நாள்தோறும் செல்வோரைக் கொண்டு சோதனைகள் செய்து 2014-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். பிரயாணிகளில் ஒரு சாராரை அயலார் ஒருவருடன் பேசும்படியும், ஒரு சாராரைத் தனித்திருக்கும்படியும், ஒரு சாராரை வழக்கம்போல் இருக்கும்படியும் கேட்டுக்கொண்டனர். பேசினவர்களே பிரயாணம் மிக இனிதாயிருந்தது என்றனர். இதனினும் வியப்பு யாதெனின், இவ்வாறு செய்தால் எப்படியிருக்கும் என்று வேறு சிலரை வெறுமனே ஊகிக்கச் சொன்னபோது, அவர்கள் நேர்மாறாக, பேசுவதே துன்பமாயிருக்கும் என்று கூறினர் என்பதாம். பின்னர் லண்டன் மாநகரத்து ரயில்களிலும் இத்தகைய சோதனை நிகழ்த்தி ஒத்த முடிவே கண்டனர்.

இப்பிழை எதனால் நேர்கின்றது? பேச விருப்பமுள்ளவன், பக்கத்திலிருப்பவனுக்கு அவ்விருப்பம் இல்லை என்று கருதிக்கொள்கின்றான். பக்கத்திலிருப்பவனும் அவ்வாறே கருதிக்கொள்கின்றான். இருவர் வாயும் மூடியிருப்பதே இருவர்க்கும் சாட்சியாகிவிடுகின்றது. நாற்பது பேர் உள்ள வண்டியில் நாற்பதின்மரும், தம்மையொழிந்த முப்பத்தொன்பதின்மரும் தனிமையை விரும்புகின்றனர் என்று எண்ணி வாளாவிருக்கின்றனர். மரியாதை என்று நாம் பெயரிட்டது பல சமயங்களில் ஒரு தப்புக் கணக்கேயன்றி வேறன்று.

இனி, ஊக்கம் ஏன் அயலாரிடமிருந்து வரவேண்டும், வீட்டாரும் நண்பரும் இல்லையோ எனலாம். அவர் தரும் ஊக்கத்தின் அருமையை யாம் மறுக்கவில்லை. ஆயின் அவர்தம் சொல்லில் அவருடைய எதிர்பார்ப்பும் கலந்திருக்கும். தந்தை “கவலைப்படாதே” என்னும்போது அவர் கவலைப்படுவது நமக்குத் தெரியும். நண்பன் தேற்றும்போது அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பது நினைவுக்கு வரும். வழியிற் கண்டவர்க்கோ நம்மால் ஆவதும் இல்லை, அழிவதும் இல்லை. நம் தோல்வியை அவரிடம் சொல்வதால் நமக்குக் குறைவு நேராது. அடுத்த நிறுத்தத்தில் அதனை அவர் தம்மோடு கொண்டு இறங்கிவிடுவார். ஜெர்மானிய தேசத்துச் சமூக நூலறிஞர் கியார்க் ஸிம்மல் என்பார், அயலான் என்பவனைப் பற்றி 1908-இல் எழுதியபோது, நெருங்கியோர்க்கும் உரைக்காத அந்தரங்கங்களை மாந்தர் அயலானிடம் திறந்து கூறும் இயல்பை எடுத்துக் காட்டியுள்ளார். எமது அநுபவமும் அதுவே.

நம் தமிழ் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அறிந்ததோடமையாது, அதனையே ஓர் இலக்கிய வகையாக்கியும் வைத்தனர். பத்துப்பாட்டினுள் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படைகள் அல்லவோ! வறுமையுற்று வழிநடக்கும் கலைஞனை, வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் மற்றொரு கலைஞன் எதிர்ப்படுகின்றான். இருவரும் முன்பின் அறியாதவர். பெற்றவன் பெறாதவனை நோக்கி, யானும் உன்னைப்போல் இருந்தவனே. இவ்வழியே செல், இன்ன இடத்தில் இன்னார் உணவளிப்பர், இன்னவிடத்தே இளைப்பாறு என்று கூறி ஆற்றுப்படுத்துகின்றான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளில் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனது கச்சிக்கு இவ்வாறு வழிகாட்டும் நூல். உப்பு வண்டி செலுத்தும் உமணர், வேட்டையாடும் எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனப் பலதிறத்து மாந்தரும் அவ்வழியில் வருகின்றனர். அக்கச்சியோ ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செல்லும் இன்றைய பஸ்ஸுக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றது. நோட்டை விரித்துக் காட்டிய அம்முதியவர் எமக்கு உரைத்தது ஓர் ஆற்றுப்படையன்றி வேறு யாது?

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டில் அவதரித்தவர் எனப் போற்றப்படும் இராமாநுசர் வரலாற்றிலும் இத்தகையது ஒன்று உண்டு. ஆசிரியர் யாதவப்பிரகாசருடன் காசி யாத்திரை சென்ற காலத்தில், தம்முயிர்க்கு ஆபத்து நேரவிருப்பதை அறிந்து விந்தியக் காட்டில் அவர் தனித்துப் பிரிந்தார் என்றும், வழியறியாது திகைத்து நின்ற அவர்க்கு வேடர் தம்பதிகள் இருவர் எதிர்ப்பட்டுத் துணையாய் வந்து காஞ்சியை அடைவித்தனர் என்றும் வைணவ குருபரம்பரை வரலாறுகள் கூறும். அவ்வேடர் தெய்வமே என்பது பக்தர் துணிபு. அதனுள் யாம் புகவில்லை. காட்டில் வழி தப்பிய கல்விமான் ஒருவர் வேடரிடம் வாய் திறந்து பேசினார், அவர் பின்னே நடக்க இசைந்தார் என்னும் அவ்வளவே நாம் இங்கு நினைக்கற்பாலது.

ஊக்கம் மட்டுமன்று, திருத்தமும் இவ்வாறே வருவதுண்டு. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலிற் சென்றுகொண்டிருந்த காந்தியடிகள், உடன் பிரயாணம் செய்தோர் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைக் கண்டு, கதர் அணியும்படி அவர்களோடு பேசினார். கதர் வாங்கும் நிலையில் தாங்கள் இல்லை, அது விலை மிகுதி என்று அவர்கள் விடையளித்தனர். பிறர்க்கு உபதேசிக்கப் புகுந்த அடிகளின் உள்ளத்தில் அவ்விடை தைத்தது. அம்மாதமே மதுரையில், தம் சட்டையையும் தொப்பியையும் நீள வேட்டியையும் துறந்து அரைத்துணி உடுக்கத் தொடங்கினார். உலகம் அறிந்த அவ்வுடைக்கு, பெயர் தெரியாத சில ரயில் பிரயாணிகளின் சொல்லும் ஒரு காரணமாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நினைவூட்ட விரும்புகின்றோம். அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் கைபேசித் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர் பலர் விடுதி உணவால் நோயுற்றனர். அவருடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவென்றும் பனியென்றும் பாராது அமர்ந்து மறியல் செய்தனர். வண்டிகள் நின்றன, பத்திரிகைகள் எழுதின. அவர்கள் எங்கே உறங்குகின்றனர், என்ன உண்கின்றனர் என்பதை அன்றைக்கே நம்மில் பலர் முதன்முதல் அறிந்தோம். அவர்களோ அதற்கு முன்னும் அதே சாலையில், நம் பஸ்ஸுக்குப் பக்கத்துப் பஸ்ஸில், சில சமயம் நம் பக்கத்து இருக்கையிலேயே, சென்றுகொண்டுதான் இருந்தனர். சாப்பிட்டாயா அம்மா என்று ஒருவர் கேட்டிருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது எனக் கூறும் பேதைமை எம்மிடம் இல்லை. ஆயினும் ஒரு ஜனசமூகம் தன் அருகிலிருப்பாரது நிலையை அறிய அவர்கள் சாலையை மறிக்கும்வரை காத்திருப்பது அழகன்று என்பதை மறுப்பார் யார்?

இஃது எம்மையும் சுடும் சொல். ஒரு நாள் மாலை ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பஸ்ஸில், வடதேசத்து வாலிபன் ஒருவன் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போகவேண்டிய இடம் எமக்குத் தெரியும். சீட்டிலிருந்த பெயரையும் கண்டோம். கேட்டாற் சொல்லலாம் என்று இருந்தோம். அவனோ தமிழ் அறியான், கேட்க அஞ்சினான். இரண்டு நிறுத்தம் முன்னரே இறங்கி, இருட்டில், தோளில் மூட்டையுடன் அவன் நின்ற நிலையை, நகர்ந்த பஸ்ஸிலிருந்து யாம் திரும்பிப் பார்த்தோம். அவனுக்கு நேர்ந்த கஷ்டம் அரைமணி நேர நடையாகவே இருந்திருக்கலாம். எமக்கு அஃது இன்னும் முடிந்தபாடில்லை.

இங்ஙனம் கூறுவதால், கண்டவரிடமெல்லாம் கண்டபடி பேசுக என்று யாம் உபதேசிப்பதாகக் கொள்ளலாகாது. இதற்கு வரும் தடைகளையும் சீர்தூக்கிப் பார்ப்பது முறை.

முதலாவது, களைப்பு. இரவு முழுதும் நின்று உழைத்தவர்க்கு அவ்வண்டியே படுக்கை. கண் மூடியவரை எழுப்பிப் பேசுவது அன்பாகாது. இரண்டாவது, பெண்மக்கள் நிலை. தனியே பிரயாணம் செய்யும் பெண்ணுக்கு, முன்பின் அறியாத ஆடவன் பேச்சுக் கொடுத்தல் ஊக்கமாக அன்றி அச்சமாகவும் இருத்தல் கூடும். இதனை நம் மாணவிகளே எமக்கு எடுத்துரைத்தனர். அவர் சொல்வது நியாயமே. ஒரு சொல்லுக்கு விடை வாராதாயின் இரண்டாவது சொல் வேண்டா. விடை சுருங்கின் பேச்சும் சுருங்குக. பேசாதிருக்கும் உரிமை பேசும் உரிமையினும் பெரிது. மூன்றாவது, வஞ்சகர். பேச்சில் மயக்கிப் பொருள் பறிப்போர் உண்டு. பணமும் முகவரியும் கைபேசி எண்ணும் வேண்டுவது நட்பன்று என்பதை மனத்திற்கொண்டால் இவ்வச்சத்திற் பெரும்பகுதி நீங்கும்.

நான்காவது ஒரு தடை உண்டு. அதனைப் பலரும் வாய்விட்டு உரைப்பதில்லை; யாம் உரைத்தே தீரவேண்டும். நம் நாட்டில் அயலாரோடு பேசும் வழக்கம் இல்லாமலில்லை. பழைய ரயில் வண்டிகளில் ஊர்க்கதை பேசாதார் எவர்? ஆயின் அப்பேச்சு எவ்வாறு தொடங்கிற்று? எந்த ஊர் என்பது முதல் வினா. ஊரில் எந்தப் பக்கம் என்பது இரண்டாவது. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்பன அடுத்தவை. இவ்வினாக்கள் எதனைத் தேடிச் செல்கின்றன என்பது கேட்பவர்க்கும் தெரியும், கேட்கப்படுபவர்க்கும் தெரியும். ஜாதி இன்னதென்று அறிந்தபின் பேச்சு இனிப்பதும் கசப்பதும் நாம் காணாததன்று. அவ்வினாவுக்கு அஞ்சியே காதில் இயர்போன் செருகிக்கொண்டு மௌனத்தில் ஒளிந்துகொள்வாரும் உளர். அவர்களுக்கு அம்மௌனம் ஒரு கவசம். கைபேசியே நம்மைப் பிரித்துவிட்டது எனப் புலம்புவோர், கைபேசி வருவதற்கு முன் நம் பேச்சே பலரைப் பிரித்து வைத்தது என்பதை மறத்தல் கூடாது.

ஆதலின் அயலாரோடு பேசக் கற்பதென்பது, ஒருவரை எடைபோடாமல் பேசக் கற்பதேயாம். இதற்கும் அவ்வூர் வழியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பிகள், காஞ்சிப் பெருமாளுக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்வதற்காக ஸ்ரீபெரும்புதூர் வழியே போய் வருவார் என்றும், இளைஞரான இராமாநுசர் அவரை வழியிற் கண்டு இல்லத்துக்கு அழைத்து உபசரித்தார் என்றும் சில வரலாறுகள் கூறும். நம்பிகள் அந்தணர் குலத்தவர் அல்லர். குலம் வினவியிருந்தால் அச்சந்திப்பு வீதியிலேயே முடிந்திருக்கும். பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் இடையே கம்பெனி பஸ்கள் விரையும் இன்றைய நெடுஞ்சாலையும் ஸ்ரீபெரும்புதூர் வழியாகவே செல்கின்றது.

பின் எவ்வாறு பேச்சைத் தொடங்குவது என வினவும் இளைய மாணவர்க்கு எமது சிற்றநுபவத்தைக் கூறுகின்றோம். ஊரைக் கேட்பதினும் வேலையைக் கேட்பது நன்று. “நீங்கள் செய்யும் வேலை யாது, அதனை எவ்வாறு செய்கின்றீர்கள்” என்ற வினாவுக்கு மகிழ்ந்து விடை கூறாதாரை யாம் இதுவரை கண்டிலோம். காருக்கு வர்ணம் பூசும் இடத்தில் ஒரு தூசி விழாதபடி எவ்வாறு உடை அணிவர் என்பதை ஒடிசாக்காரர் ஒருவர் பாதித் தமிழிலும் பாதிச் சைகையிலும் எமக்குக் கற்பித்தார். திருகாணியைச் சரியான அளவு முறுக்கியதும் கருவி கையில் தரும் அதிர்வைக் கொண்டே அறியலாம் என்பதை, எம்மினும் இளையவளான ஒரு சகோதரி, தன் தாயாருடன் பேசிக்கொண்டு வந்தவள், எமது வினாவுக்கு விடையாகக் கூறினாள். புத்தகத்தில் படித்தும் விளங்காத சில விஷயங்கள் அன்று பஸ்ஸில் விளங்கின. கற்பிக்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றிய பெருமிதத்தையும் கண்டோம். அயலூரில் அட்டை எண்ணால் அறியப்படும் ஒருவர்க்கு, ஒரு மாணவன் தம்மிடம் பாடம் கேட்கின்றான் என்பது சிறிய மரியாதை அன்று.

இன்னும் ஒன்று. பேசுவதினும் கேட்பது மேல். அயலாரைக் கண்டவுடன் புத்திமதி கூறத் தொடங்குவது கற்றோர்க்கு உரிய ஒரு நோய். அன்று அம்முதியவர் எமக்கு ஒரு புத்திமதியும் கூறவில்லை. தம் நோட்டைக் காட்டினார், அவ்வளவே. யாமும் அவர்க்கு ஒன்றும் கூறவில்லை, கேட்டிருந்தோம், அவ்வளவே. அவ்விரண்டும் சேர்ந்தே இருவரையும் தேற்றின.

அன்பர்களே! நம் கலாசாலையில் பயில்வோர் பலர் நாளை இவ்வழியே வேலைக்குச் செல்லவிருக்கின்றனர். பழைய மாணவர் சிலர் அத்தொழிற்சாலைகளில் உயர்ந்த பதவிகளில் அமர்ந்து, தனிக் கார்களில் அதே சாலையில் போய் வருகின்றனர். அவர்கட்கும் ஒரு விண்ணப்பம்: மாதத்தில் ஒரு நாளேனும் பொதுப் பஸ்ஸில் ஏறிச் செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களும், மாணவரைத் தொழிற்சாலை காண அழைத்துச் செல்லுங்கால், இயந்திரங்களைக் காட்டுவதோடு நில்லாமல், போகும் வழியில் அம்மாணவரை அயலார் அருகில் அமரச் செய்வார்களாயின், அதுவும் ஒரு பாடமாகும்.

அம்முதியவரை யாம் மறுபடியும் காணவில்லை. அவர் பெயரையும் கேட்க மறந்தோம். எமக்குப் பின்னர்ப் பயிற்சி வேலை ஒன்று கிடைத்தது. முதல் நாள், புரியாத அட்டவணை ஒன்றின் முன் திகைத்து நின்றபோது, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம், பக்கத்தில் நின்றவரைக் கேட்டோம், அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை திரும்பும் பஸ்ஸில், சான்றிதழ்க் கோப்புடன் முகம் வாடி ஒரு வாலிபன் எம் அருகில் வந்து அமர்ந்தான். என்ன சொல்வதென்று தோன்றவில்லை. சிறிது நேரம் தயங்கிப் பின், “என்ன தம்பி, இன்டர்வியூவுக்கா?” என்றோம்.